எந்தக் கோயிலடி

காலை இடைவேளை விட்டதும் நிலாணி ரப்பர் கையுறைகளைக் கழற்றி வாளிக்குள் எறிந்துவிட்டு லொக்கரைத் திறந்தாள். ஸ்காபரோவில் சலாட் இலைகளைக் கழுவிப் பொதி செய்கிற ஆலை அது. உள்ளே வருசம் முழுக்கக் குளிர்தான். விரல் விறைத்துப் போயிருந்ததால் போன் அவள் தொட்டதை உணரவில்லை. விரலை வாய்க்குள் வைத்துச் சூடாக்கிவிட்டு மறுபடி அழுத்தினாள். அம்மாவிடமிருந்து வரிசையாகத் தவறிய அழைப்புகள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொன்று வந்தது.

“பிள்ளை, அப்பாவைக் காணேல்லை.”

“எங்க நிக்கிறீங்கள்?”

“பாரிசில.”

“பாரிசில எங்கயம்மா?”

“கோயிலடியில. மத்தியானம் தொடக்கம் நிக்கிறன். இந்த மனிசன் வரேல்லை.”

நிலாணி வாங்கில் உட்கார்ந்தாள். பாரிசில் இப்போது பின்னேரம். முதலில் வந்தது பயமில்லை, அலுப்பு. ஏனென்றால் இந்தப் பயணத்தில் ஏதாவது ஒன்று தொலையாமல் ஒரு நகரமும் கழியவில்லை.

நவரட்ணமும் புனிதவதியும் ஐரோப்பா பார்க்கப் புறப்பட்டது மகளின் பிடிவாதத்தால்தான். சென் ஜேம்ஸ் ரவுண் மாடி வீட்டில் இருந்த காலத்திலிருந்து அப்பா ஹோட்டலில் கோப்பை கழுவினார், பிறகு கந்தோர்களைக் கூட்டித் துடைத்தார். அம்மா தையல் ஆலையில் முதுகு வளைந்து போகும்வரை இருந்தாள். இருவரும் வேலையை விட்டபிறகு டோர்செட் பார்க் வீட்டில் ஆளை ஆள் பார்த்துச் சண்டை பிடிப்பதே பொழுதாகிப் போனது. ஒரு பஸ் ரூரில் இருவருக்கும் இடம் பதிந்து, பெட்டியையும் தானே கட்டிக் கொடுத்து அனுப்பிவைத்தாள் நிலாணி. அவள் புருசன் ஜனார்த்தன் அப்போதே சொன்னான்: “உவை ஸ்காபரோ ரவுண் சென்ரருக்குப் போனாலே பிழையான பஸ்ஸில திரும்பி வருவினம். நீ ரோமுக்கு அனுப்புறாய்.”

ரோமில் பெரிய தேவாலயத்துக்குள் போகும்போது இரண்டு பேரும் சப்பாத்தைக் கழற்றி வாசல் ஓரமாக வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். வெளியே வந்தபோது அம்மாவின் சோடி இருந்தது, அப்பாவின் சோடி இல்லை. வெறும் காலுறையோடு பஸ்ஸுக்கு நடந்து, பின்னேரம் ஒரு றோட்டுக் கடையில் ரப்பர் செருப்பு வாங்கிப் போட்டுக்கொண்டார். பீசாவில், சாய்ந்த கோபுரத்தை இரண்டு கையாலும் தாங்கிப் பிடிக்கிற மாதிரி அவர் நிற்க, அம்மா படம் எடுத்தாள். கோபுரத்தைத் தாங்கிக்கொண்டு நின்ற நேரத்தில் பின்பக்கத்துப் பேர்ஸ் போய்விட்டது. பேர்ஸை எடுத்தவனுடைய முழங்கை படத்தில் விழுந்திருக்கிறது என்று அம்மா அதையும் அனுப்பியிருந்தாள். வெனிசில் படகிலிருந்து பாலத்தைப் படம் பிடிக்க எட்டியபோது அவருடைய போன் தண்ணீருக்குள் போனது.

அதன் பிறகு காசு, பாஸ்போர்ட், மருந்து எல்லாம் அம்மாவின் தோள்பைக்குள். அப்பா கையை வீசிக்கொண்டு நடந்தார். இதையெல்லாம் நிலாணி வேலைத்தலத்தில் சொல்லிச் சிரித்தும் இருக்கிறாள். இப்போது அந்தத் தோள்பை ஞாபகத்துக்கு வந்ததும் வாங்கிலிருந்து எழுந்துவிட்டாள்.

“அம்மா, அப்பா காலமை இன்சுலின் போட்டவரோ?”

“போட்டவர். மத்தியானச் சாப்பாடு சாப்பிடேல்லை. குளுக்கோஸ் குளிசை என்ர பைக்குள்ள கிடக்கு.”

போன மாரியில் அப்பா லிஃப்டுக்குள் விழுந்து கிடந்ததை நிலாணிதான் முதலில் கண்டாள். ஊசி போட்டுவிட்டுச் சாப்பிடாமல் நடந்தால் அவருக்கு முதலில் வியர்க்கும். பிறகு பேச்சுக் குழறும், கால் தடுமாறும். தெரியாதவன் பார்த்தால் குடிகாரன் என்று விலகிப் போவான். அன்றைக்கும் அப்படித்தான் இரண்டு பேர் விலகிப் போயிருந்தார்கள். கொஞ்சம் பிந்தியிருந்தால் ஆளை உயிரோடு கொண்டுவந்திருக்க மாட்டோம் என்று அம்புலன்ஸ்காரர் முகத்துக்கு நேரே சொன்னார்.

“என்னண்டு துலைஞ்சவர்?”

“அந்த இரும்புக் கோபுரத்தடியில. கக்கூசுக்குப் போட்டு வாறன், இந்தக் காலடியிலயே நில் எண்டவர். நான் நிண்டனான். அதுக்கு நாலு கால் பிள்ளை. நாலும் ஒரே மாதிரி.”

“பிறகு?”

“நான் சுத்திச் சுத்தி வந்தன். அவரும் சுத்தியிருப்பார். ஆளுக்குப் பின்னால ஆள் சுத்தினமோ தெரியேல்லை.”

“கைட்டுக்குச் சொல்லேல்லையோ?”

“இண்டைக்கு ஃபிரீ டே எல்லோ. பொலிசுக்குச் சொல்லுங்கோ, பின்னேரம் ஹோட்டலுக்கு வந்திடுவார் எண்டுறான். உந்த மனிசனுக்கு ஹோட்டலின்ர பேர் தெரியுமோ? அங்க நிண்ட பொலிசிட்டப் படத்தைக் காட்டினன். அவனும் ஏதோ எழுதினான்.”

“அப்ப ஏன் கோபுரத்தடியை விட்டிட்டு வந்தனீங்கள்?”

“அவர்தானே காலமை சாப்பிடேக்க சொன்னவர். துலைஞ்சால் அங்க இஞ்ச ஓடாத, கோயிலடிக்குப் போய் நில், நான் வருவன் எண்டு. நான் ராக்சி பிடிச்சுப் பிள்ளையார் கோயிலடிக்கு வந்திட்டன். ஐயரிட்டயும் சொல்லியாச்சு, பூக்கடைக்காரரும் றோட்டெல்லாம் போய்ப் பாத்திட்டார். ஆள் இல்லை.”

அசையாமல் அங்கேயே நில்லுங்கோ, திருப்பி எடுக்கிறேன் என்று சொல்லிவிட்டு நிலாணி போனை வைத்தாள். யாருக்கு எடுப்பது என்று தெரியவில்லை. அவளுக்குப் பிரெஞ்சு பள்ளிக்கூடத்தோடு போய்விட்டது. காசில்லாமல், போனில்லாமல், ரப்பர் செருப்போடு ஒரு கிழவன். எந்த ஆஸ்பத்திரிக்கு எடுத்துக் கேட்பது?

மேசைக்கு அந்தப் பக்கத்தில் றெஜினா அக்கா பாணைப் பிய்த்துத் தேத்தண்ணியில் தோய்த்துக்கொண்டிருந்தாள். குருநகர்க்காரி, கழுவும் தொட்டியில் நிலாணிக்குப் பக்கத்து ஆள். போனில் கதைத்ததெல்லாம் அவளுக்கும் கேட்டிருந்தது.

“கொப்பர் எந்தக் கோயிலடி எண்டவர்?”

“பாரிசில எங்களுக்கு எத்தினை கோயில் கிடக்கு அக்கா? லா சப்பல் பிள்ளையார் கோயில்தான்.”

“உங்களுக்கு. நான் போன வருசம் பாரிசுக்குப் போட்டு வந்து, கோயில் பாத்தனான் எண்டு உனக்குப் படம் காட்டினது எதை?”

றெஜினா அக்கா காட்டிய படத்தில் இருந்தது இரட்டைக் கோபுரத்தோடு நின்ற பெரிய தேவாலயம். ஞாயிற்றுக்கிழமைகளிலும் அவள் ‘கோயிலுக்குப் போறன்’ என்றுதான் சொல்லுவாள்.

“அப்பா சைவம் அக்கா.”

“சைவக்காரர் எல்லாம் சேர்ச் எண்டோ சொல்லுகினம்? கொப்பர் எந்தப் பக்கம்?”

“அரியாலை. வேலை செய்தது பாசையூர்க் கரையில. மீன்பெட்டி தூக்கினவர்.”

“பிறகென்ன?” என்றாள் றெஜினா அக்கா.

அப்பா வாலிப வயது முழுவதும் அந்தக் கரையில் வேதக்காரக் கிறிஸ்தவரோடு தோளோடு தோள் நின்று பெட்டி தூக்கினவர். அவர்கள் வாயில் வந்த சொல்தான் அவர் வாயிலும். மணி தொங்குகிற இடமெல்லாம் அவருக்குக் கோயில். டோர்செட் பார்க் வீட்டுக்குக் கிட்டத் தேவாலயத்துக்கு முன்னால் இருக்கிற பஸ் தரிப்பைக்கூட ‘கோயிலடி ஸ்டொப்’ என்றுதான் சொல்லுவார். அம்மா அதைக் காதில் போட்டுக்கொண்டதே கிடையாது.

நிலாணி மறுபடி போனை எடுத்தாள்.

“அம்மா, நேற்று பஸ்ஸில போகேக்க பெரிய சேர்ச் ஒண்டு காட்டினவையோ?”

“ஆத்துக்கு நடுவில இருக்கிறது. எரிஞ்சு திருப்பிக் கட்டினதாம். கொப்பர் இறங்கிப் பாக்கோணும் எண்டு நிண்டவர், அவன் நிப்பாட்டேல்லை. ஏன்?”

“அப்பா அங்கதான் நிக்கிறார்.”

“அது சேர்ச் பிள்ளை.”

“அப்பாவுக்கு அதுதான் கோயிலம்மா.”

“விசர் மனிசன்,” என்றாள் புனிதவதி. “விசர் மனிசன்.” அதற்குள் அவள் நடக்கத் தொடங்கிவிட்டது செருப்புச் சத்தத்தில் தெரிந்தது.

பூக்கடைக்காரர் ராக்சி மறித்துக் கொடுத்தார். போனை வைக்க வேண்டாம் என்று நிலாணி சொல்லியிருந்தாள். ‘நோத்திரடாம்’ என்று அம்மா சாரதியிடம் சொல்லுவதும், அவன் இரண்டாம் தரம் கேட்காமல் காரை எடுப்பதும் கேட்டது. இடைவேளை முடிந்து மற்றவர்கள் உள்ளே போனார்கள். சுப்பவைசர் செரில் கதவடியில் வந்து நின்று சுவர் மணிக்கூட்டைக் காட்டினாள். அப்பாவைக் காணவில்லை, சுகர்காரர் என்று நிலாணி சொன்னாள். செரிலுக்கு மணிலாவில் ஒரு தகப்பன் இருந்தார். அவள் கதவைச் சாத்திவிட்டுப் போனாள். நிலாணியின் பங்கு இலையையும் சேர்த்துக் கழுவ றெஜினா அக்கா இருந்தாள்.

ராக்சி நின்று நின்று போனது. சிவப்பு விளக்கு என்றாள் அம்மா. பிறகும் சிவப்பு விளக்கு. அங்கேயும் அவர் இல்லாவிட்டால் என்ன செய்வது என்று நிலாணி யோசிக்க முயன்றாள். யோசனை அந்த இடத்துக்கு அப்பால் போக மறுத்தது. அவரை இந்த வயதில் வீட்டை விட்டுக் கிளப்பியது தான்தான் என்ற இடத்திலேயே சுற்றிச் சுற்றி நின்றது. டோர்செட் பார்க்கில் இருந்து சண்டை பிடித்திருந்தால் இந்நேரம் மத்தியானச் சோற்றுக்கு உலை வைத்திருப்பார்கள்.

கார்க் கதவை அடித்துச் சாத்தும் சத்தம் கேட்டது.

“சனமெண்டால் சனம் பிள்ளை. நல்லூர்த் தேர் மாதிரிக் கிடக்கு.”

“நீலச் சட்டையைப் பாருங்கோ.”

“எல்லாரும் நீலச் சட்டைதான் போட்டிருக்கினம். பெரிய கியூ ஒண்டு நிக்குது. பொறு. பொறு, அது... இல்லை, வேற ஆள்.”

பலபேர் பேசும் சத்தம். ஒரு குழந்தை அழுதது. அம்மா யாரையோ இடித்துவிட்டு ‘சொறி, சொறி’ என்றாள். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. நிலாணி போனைக் காதோடு அமத்திப் பிடித்ததில் காது வலித்தது.

“இஞ்சாருங்கோ.”

அம்மா அதைக் கத்திச் சொல்லவில்லை. வீட்டில் தேத்தண்ணி ஊற்றி வைத்துவிட்டுக் கூப்பிடுகிற குரல்தான்.

“எங்கையப்பா போனனீ?” என்றது அப்பாவின் குரல். “எவ்வளவு நேரமா நிக்கிறன்.”

நிலாணி லொக்கரில் முதுகைத் தேய்த்துக்கொண்டு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள். அழுகை வரவில்லை. மூக்கு மட்டும் ஓடியது. குளிரறையில் வேலை செய்கிறவர்களுக்கு அது எப்போதும் ஓடுகிறதுதான் என்று மேற்சட்டைக் கையால் துடைத்தாள்.

“வாயைத் திறவுங்கோ. முதல் இந்தக் குளிசையைச் சப்புங்கோ.”

“எனக்கு இப்ப சுகம். முன்னால நிண்ட வெள்ளைக்கார மனிசி ஒண்டு என்ர முகத்தைப் பாத்திட்டு சொக்கலேற்றும் ஜூசும் தந்தது. இல்லாட்டி விழுந்திருப்பன்.”

மீன் விலை சொல்லுகிற மாதிரிச் சொன்னார். அம்மாவின் தோள்பைச் சிப் திறந்து மூடும் சத்தம் கேட்டது.

“கியூவில ஏன் நிண்டனீங்கள்?” என்று பிறகு கேட்டாள்.

“நல்லாப் பசிச்சுது. உள்ள சாப்பாடு குடுப்பினம் எண்டு நினைச்சன். ஒருக்காப் போய்ச் சுத்திக்கொண்டு வந்தன், ஒண்டும் குடுக்கேல்லை. வேற வாசலால குடுக்கினமோ எண்டு திருப்பியும் நிண்டன்.”

“உது என்ன அன்னதான மடமோ?”

“கோயில்தானே?”

“கோயில் எண்டால் எந்தக் கோயில் எண்டு சொல்லோணும். நான் பிள்ளையாரடியில நிண்டு செத்துப்போனன்.”

“இந்த ஊரில இதைவிடப் பெரிய கோயில் எங்க கிடக்கு? கோயிலடி எண்டால் ஆருக்கும் விளங்கும். ஆத்தங்கரையாலயே நடந்து வந்தனான், ஒருத்தரிட்டயும் வழி கேக்கேல்லை.”

“செருப்போடயோ?”

“அது அறுந்து போச்சு.”

கதவைத் திறந்து றெஜினா அக்கா தலையை நீட்டினாள். முழங்கைவரை தண்ணீர் சொட்டியது.

“கண்டாச்சோ?”

“ஓம் அக்கா. உங்கட கோயிலடியிலதான்.”

றெஜினா அக்கா ஈரக் கையுறையோடேயே நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டாள். “கொப்பரை ஒரு ஞாயிறு பூசைக்கு அனுப்பிவிடு, ஆள் எங்கட பக்கம்தான்,” என்றுவிட்டு ஓடினாள்.

நிலாணி எழுந்து தலைமூடியை மாட்டினாள்.

“அம்மா, அவருக்கு முதல் சோறு குடுங்கோ. செருப்பு வாங்குங்கோ. பிறகு சண்டை பிடியுங்கோ. நாளைக்கு எங்க போறியள்?”

“லண்டன்.”

“அங்க துலைஞ்சால் எங்க நிக்கிறது எண்டு இப்பவே கதையுங்கோ. எனக்குக் கேக்கக் கதையுங்கோ.”

“ஸ்டேசனடி,” என்றார் நவரட்ணம் உடனே.

“பொலிஸ் ஸ்டேசனோ, ரெயில் ஸ்டேசனோ?” என்றாள் புனிதவதி.

அவர் யோசித்தார்.

“ரெயில்.”

“லண்டனில எத்தினை ரெயில் ஸ்டேசன் கிடக்கெண்டு தெரியுமோ?”

“உனக்குத் தெரியுமோ?”

“ஒருத்தரும் துலைய வேண்டாம்,” என்றாள் நிலாணி. “அம்மா, நீங்கள் அப்பாவின்ர கையைப் பிடிச்சுக்கொண்டு நடவுங்கோ.”

“நடு றோட்டிலயோ?”

“ஏன், இஞ்ச எல்லாரும் பிடிச்சுக்கொண்டுதானே திரியினம்,” என்றது அப்பாவின் குரல். சிரிக்கிறார் என்று தெரிந்தது.

ஆற்றங்கரைக் காற்று போனுக்குள் இரைந்தது.

“றோட்டைக் கடக்கு மட்டும்தான்,” என்றாள் அம்மா.