பதினாறு கை உயரம்

அன்று காலையில் ஐந்தாவது தடவையாக மெலெரி கேட்டைப் பார்க்க ஓடினாள். காலில் அப்பாவின் ரப்பர் பூட்ஸ். தன்னுடையதைத் தேடி எடுக்கப் பொறுமை இல்லை. அப்பா குட்டையான மனிதர், பூட்ஸும் சின்னது. குதிகால் உள்ளே இறங்காமல் தத்தித் தத்தி ஓடினாள். முற்றத்துக் கேட் சாத்தியிருந்தது. கொண்டி போட்டிருந்தது. கொண்டிக்கு மேல் ஒரு கயிறு, நாலாவது தடவை வந்தபோது அவளே கட்டியது.

திரும்பி ஓடிவந்து மாடியேறினாள்.

"சாத்தியிருக்குப்பா. கயிறும் கட்டிட்டேன். ஒரு ஆட்டுக்குட்டிகூட வெளிய போகாது."

அப்பா இட்வல் கண்ணைத் திறக்கவில்லை. தலை மட்டும் தலையணையில் இப்படியும் அப்படியும் புரண்டது.

"கேட்டு... கேட்டு திறந்திருக்கா?"

"இல்லப்பா. நல்லா சாத்தியாச்சு. நிம்மதியா இருங்க."

நிம்மதி வரவில்லை. போர்வைக்குள் இரண்டு முழங்காலும் இறுகித் தளர்ந்தன, இறுகித் தளர்ந்தன. கைகள் வயிற்றின் மேல் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன, விரல்கள் மடங்கி எதையோ பிடித்து விட்டுக்கொண்டிருந்தன. பால் கறக்கிறார் என்று மெலெரி நினைத்தாள். ஒரு காலத்தில் பதினாலு மாடு கறந்த கை.

காலையில் வந்த நர்ஸ் சொல்லிவிட்டுத்தான் போயிருந்தாள். "இன்னிக்குத் தாண்டாதும்மா. கடைசியில சிலபேருக்கு இப்படித்தான், ஒரு இடத்துல இருக்க விடாது. அவர் என்ன கேக்குறாரோ அதுக்குப் பதில் சொல்லிட்டே இருங்க."

மெலெரி பதில் சொல்லிக்கொண்டேதான் இருந்தாள். மலையடிவாரப் பண்ணையில் பிறந்த குழந்தை 'அப்பா' சொல்லப் பழகுகிற வயதிலேயே கேட்டைச் சாத்தவும் பழகிவிடும். சாகப்போகிற விவசாயிக்கு வேறென்ன கவலை இருக்கும்?

கீழே தொலைபேசியை வைத்துவிட்டுத் தம்பி ஹெவின் படியேறி வந்தான். வாசலிலேயே நின்றான்.

"ஹெர்ஃபோர்ட்லருந்து அந்தம்மா குதிரைய வாங்க நாளைக்குக் காலைல வர்றாங்களாம். வண்டியோட."

"நாளைக்கா? அப்பா இப்படிக் கிடக்கறப்பவா, ஹெவின்?"

"படுக்கையில விழுந்த அன்னிக்கு அவர் வாயால சொன்னதுதானே? 'அவெலை ஏறி ஓட்டற ஆளாப் பாத்துக் குடுத்துடு.' நீ ஏறி ரெண்டு வருஷம் ஆச்சு. சும்மா புல்லு மேய அவ்வளவு பெரிய உருப்படி எதுக்கு?"

மெலெரி போர்வையை இழுத்துச் சரிசெய்தாள். அப்பாவின் சொல் அந்த வீட்டில் சொல்தான்.

அவெல் ஒரு காப் பெட்டைக் குதிரை. காப் என்றால் இட்வலுக்கு ஒரே இலக்கணம்தான்: நாலங்குலக் கைக்கணக்கில் தோள்வரை அளந்தால் பதினாலரை கை, மிஞ்சிப்போனால் பதினைந்து. கட்டை உடம்பு, தடித்த கழுத்து, ஓடும்போது முழங்கால் மார்புக்கு ஏற வேண்டும். அவெல் பதினைந்தில் நிற்கவில்லை. ஐந்து வயதில் பதினாறு கை. அதற்குக் காரணம் பக்கத்துப் பண்ணை டெக்வினின் பொலிகுதிரை என்று இட்வல் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். "நான் காப் கேட்டு அனுப்பினேன், இவன் ஏணியக் குடுத்துட்டான்" என்பார். "ஏணி இருந்தாத்தான் உனக்குக் கடிவாளம் எட்டும், இட்வல்" என்பார் டெக்வின். சந்தையிலும் தேவாலய வாசலிலும் இருபது வருடமாக எதெதற்கோ ஓயாத சண்டை, இப்போது இதற்கு.

மெலெரி ஆறடி. சின்னக் குதிரைகளில் ஏறினால் கால் தொங்கும். வாழ்க்கையில் முதல்முறையாகத் தன் அளவுக்கு ஒரு குதிரை கிடைத்ததென்று அவெலை அவளேதான் பழக்கினாள். அப்பா வேண்டாம் என்று சொல்லியும் கண்காட்சியில் சவாரிப் போட்டிக்குக் கொண்டுபோனாள். வளைவில் அவெல் கால் மாற்றத் தெரியாமல் தடுமாறியது. கடைசி இடம். வேலியோரம் நின்ற அப்பா எல்லோர் காதிலும் விழச் சொன்னார்: "இவ்வளவு உயரமான காப் சவாரிக்கும் ஆகாது, வண்டிக்கும் ஆகாது. பாருங்க, கொடிக்கம்பத்து மேல இன்னொரு கொடிக்கம்பம்."

எல்லோரும் சிரித்தார்கள். மெலெரியும் சிரித்தாள். வீட்டுக்கு வந்து சேணத்தை மேல் ஆணியில் மாட்டி, கோணியைப் போட்டு மூடினாள். அதன்பின் அதைத் தொடவில்லை. அப்பாவும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

டெக்வின் சமையலறை வழியாக வந்தார். இட்வல் படுத்ததிலிருந்து பதினொரு நாளும் அதே நேரத்துக்கு வந்தார், தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு.

"நான் கொஞ்ச நேரம் உக்காந்திருக்கேன் பொண்ணே. நீ முகமாவது கழுவிட்டு வா."

"கேட்டு..." என்றார் இட்வல்.

மெலெரி ஆறாவது தடவையாக இறங்கினாள். கயிறு அவிழவில்லை என்று தெரிந்தேதான் போனாள். உட்கார முடியாதவளுக்குப் போவதற்கு ஓர் இடம் வேண்டியிருந்தது. முடிச்சைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். மாடிப்படி பாதியில் டெக்வினின் குரல் கேட்டது.

"திறந்துதான் இருக்கு, இட்வல். நானே திறந்து வச்சிட்டுத்தான் வர்றேன். நீ போ."

மெலெரி மிச்சப் படிகளை இரண்டிரண்டாகத் தாவினாள். அறைக்குள் கால்களின் அசைவு நின்றிருந்தது. விரல்கள் விரிந்து கிடந்தன. படுத்ததிலிருந்து இருந்த இட்வலின் நெற்றிச் சுருக்கத்தைக் காணவில்லை. மெலெரி ஒரு கையைப் பிடித்துக்கொண்டாள். ஹெவின் வந்து மறு கையைப் பிடித்துக்கொண்டான். டெக்வின் சன்னக் குரலில் கர்த்தருடைய ஜெபத்தைச் சொல்ல ஆரம்பித்தார். அது முடிந்து சிறிது நேரத்தில் இட்வலின் மூச்சும் நின்றது.

கீழே டெக்வின் கோட்டை மாட்டும்போது மெலெரி குறுக்கே நின்றாள்.

"ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"எதைம்மா?"

"காலைலருந்து நான் சாத்தியிருக்குன்னு சொல்லிட்டிருக்கேன். நீங்க வந்து திறந்து கிடக்குங்கறீங்க. மந்தையெல்லாம் ரோட்டுக்குப் போயிடுச்சுன்னு நெனச்சுட்டே போயிருப்பாரே! உங்க ரெண்டுபேர் சண்டைய அங்கயுமா கொண்டு வரணும்?"

டெக்வின் தொப்பியை ஒரு சுற்றுச் சுற்றினார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு, "திறந்துதான்மா இருந்துச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் பத்தே முக்காலுக்கு, துக்கத்துக்குத் திரை போட்ட ஜன்னல்களுக்கு முன்னால், குதிரையை ஏற்றிப்போகும் வண்டி வந்து நின்றது. இறங்கிய அம்மாளுக்கு ஐம்பது வயது இருக்கும், நல்ல உயரம். ஜன்னல்களைப் பார்த்ததுமே குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"ஐயோ, வீட்டுல யாரோ... நான் இன்னொரு நாள் வர்றேங்க."

"வேண்டாங்க. அப்பா சொல்லிட்டுப் போன காரியம், முடிஞ்சுட்டா நல்லது" என்றான் ஹெவின். அவன் கண் வீங்கியிருந்தது. கல்நெஞ்சக்காரன் இல்லை. அப்பா சொன்னதில் செய்து முடிக்கக்கூடியதாக அவனுக்கு மிஞ்சியது அது ஒன்றுதான்.

மெலெரியால் வீட்டுக்குள்ளும் நிற்க முடியவில்லை, வெளியிலும் நிற்க முடியவில்லை. அக்கம்பக்கத்தார் கொண்டுவந்து வைத்த ஹாமும் பழரொட்டியும் மேஜை நிறைய இருந்தன. அவள் ஒரு துண்டுகூட வாயில் வைக்கவில்லை.

"ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காதீங்க" என்றாள் அந்த அம்மாள். "உயரமான காப் சவாரிக்கு ஆகாதுன்னு எல்லாரும் சொல்றாங்க. முதுகு குட்டை, முன்னங்கால் தூக்கல், தையல் மெஷின் மேல உக்காந்த மாதிரி இருக்கும்னு. நிஜமா?"

விற்க வேண்டுமானால் ஒரு பதில், விற்காமலிருக்க வேண்டுமானால் வேறொரு பதில். பிணம் மாடியில் இருக்கும்போது மெலெரிக்கு இரண்டு பொய்யும் வரவில்லை.

"எனக்குத் தெரியலீங்க. ஒரு காலத்துல ஆகும்னுதான் நம்பினேன். எங்கப்பா ஆகாதுன்னார். இந்த ஊர்ல குதிரைய அவர மாதிரித் தெரிஞ்சவங்க கிடையாது."

சேணத்தை எடுக்கப் போனாள். கோணியை விலக்கியபோது தூசி பறக்கும் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பறக்கவில்லை. தோல் மெத்தென்று இருந்தது, புதிதாக எண்ணெய் போட்ட வாசனை. அங்கவடி வாரைப் பார்த்தாள். அவள் போடும் துளையில் கொக்கி இல்லை. துளைகளெல்லாம் தீர்ந்துபோன இடத்துக்கும் மேலே யாரோ கத்திமுனையால் குடைந்த புதுத் துளையில் இருந்தது. ஒரு தடவை போட்டுப் பார்த்ததல்ல, தோல் அங்கே மடிந்து தேய்ந்திருந்தது.

எதுவும் புரியாமல், புரிந்துகொள்ள நிற்கவும் முடியாமல், சேணத்தைப் போட்டாள். அவெலை முற்றத்துக்கு நடத்தினாள். ஹெவின் வண்டியின் பின்கதவை இறக்கி வைத்திருந்தான்.

அவெல் வண்டியை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. மெலெரியையும் இழுத்துக்கொண்டு சந்து முனைக்குப் போயிற்று. அங்கே பழைய பால் மேடை இருக்கிறது. லாரி வந்து எடுத்துப்போக அந்தக் காலத்தில் பால் கேன்களை வைத்த, இடுப்பளவு உயரக் கல்மேடை. அவெல் அதன் பக்கத்தில் போய், பின்பாகத்தை மெல்ல மெல்ல நகர்த்தி, உடம்பை மேடையோடு ஒட்டினாற்போல் சேர்த்து நின்றது. ஒரு காதைப் பின்னுக்குத் திருப்பிக் காத்திருந்தது. மெலெரி இழுத்தாள். நகரவில்லை. ஹெவின் வந்து தள்ளினான். நகரவில்லை.

"தள்ளாத தம்பி" என்றபடி டெக்வின் சந்தில் வந்துகொண்டிருந்தார், சவப்பெட்டி தூக்க நாலுபேரிடம் சொல்லிவிட்டு. "அது யாரும் ஏறாம நகராது. அப்படித்தான் பழக்கியிருக்கு."

"யார் பழக்கினா?" என்றாள் மெலெரி. கேட்கும்போதே வாரின் புதுத் துளை கண்ணுக்குள் வந்துவிட்டது.

டெக்வின் தொப்பியைக் கழற்றினார். "நீ பள்ளிக்கூடச் சமையலுக்குப் போனதும் உங்கப்பன் வருவான். இந்த மேடையிலருந்துதான் ஏறுவான், நான் மறுபக்கத்து அங்கவடியைப் பிடிச்சுக்குவேன். அவன் இடுப்பு வலிக்கு இறங்கி ஏறி கேட் திறக்க முடியாதில்லையா, அதனால மலைக் கேட்டை நான் முன்னாடியே போய்த் திறந்து வச்சிடுவேன். ஒண்ணே முக்கால் வருஷமா. வெளிய சொன்னா சாட்டையால அடிப்பேன்னான்."

"அப்ப அவர் கேட்டது..."

"அந்த மலைக் கேட்டைத்தான். இதுவரைக்கும் சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன், பொண்ணே."

மெலெரி குதிரையின் கழுத்தில் கையை வைத்தாள். "குதிரையப் பத்தி என்ன சொன்னார்?"

"ஏறும்போது தினம் ஒரே வசனம்தான். 'உயரம் ஜாஸ்தி, சவாரிக்கு ஆகாது, உன் குதிரைய நம்பினேன் பாரு.'" டெக்வின் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "இறங்கறப்ப மட்டும் ஒண்ணும் சொல்ல மாட்டான். இறங்கவும் மாட்டான். அப்படியே கொஞ்ச நேரம் உக்காந்திருப்பான்."

 ஹெவின் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அந்த அம்மாள் சத்தமில்லாமல் போய் வண்டியின் பின்கதவைத் தூக்கி மூட ஆரம்பித்தாள். கனமான கதவு. ஹெவின் ஓடிப்போய் ஒரு பக்கம் பிடித்தான். "ஏறி ஓட்டற ஆளாத்தானே குடுக்கச் சொன்னார்?" என்றான், யாரையும் பார்க்காமல். "அப்ப ஏறு, மெலெரி."

மெலெரி மேடையில் ஏறிச் சேணத்தில் உட்கார்ந்தாள். அங்கவடியில் கால் வைத்தபோது முழங்கால் இடுப்புவரை வந்தது. டெக்வின் வாரை இறக்கிவிடக் கை நீட்டினார். அவள் தலையை ஆட்டினாள். அவர் கையை எடுத்துக்கொண்டார்.

அவள் கடிவாளத்தைத் தளர விட்டாள். அவெலுக்கே வழி தெரிந்திருந்தது. தேவதாருக் கூட்டத்தைச் சுற்றி, ஓடையைத் தாண்டி, மேட்டில் ஏறியது. நீளமான, தூக்கிப்போடாத நடை.

வீட்டிலிருந்து கண்ணுக்குத் தெரியாத அந்த வளைவில் மலைக் கேட் அகலத் திறந்து கிடந்தது. அந்தப் பக்கம் டெக்வினின் ஆடுகள் தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டு நின்றன. ஒன்றும் வெளியே வரவில்லை. திறந்த கேட்டுக்குக் குறுக்கே, ஈரமண்ணில், டெக்வினின் கிழட்டு நாய் படுத்திருந்தது. குளம்புச் சத்தம் கேட்டதும் அது எழுந்து, உடம்பை உதறி, ஓரமாக ஒதுங்கி வழிவிட்டது.