மூன்றாம் மாடிக்குக் கட்டில் தூக்கினவர்

என் புருசன் ஆஸ்திரேலியாவில் நாலு சபைகளில் எழும்பி நின்று, கர்த்தர் எங்களுக்குச் செய்ததென்று சாட்சி சொன்னார். நாலும் பொய். ஆராதனை நேரத்தில், மைக்கைப் பிடித்துக்கொண்டு, கண்ணீரும் விட்டு, எங்கள் மகள் ஜெனிதாவைப் பற்றிச் சொன்ன பொய். நினைத்தால் இப்பவும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நாங்கள் இருப்பது டென்மார்க்கில், கிரின்ஸ்டெட்டில். அவர், ஜெபரட்ணம், இருபத்தொரு வருசமாக ஒரே ஃபக்டரியில் மெஷின் பார்க்கிறார். நான் கொம்யூன், எங்கள் ஊர் நகரசபை, தந்த சின்னக் காரில் வீடு வீடாகப் போய், வயது போனவர்களைக் குளிப்பாட்டி மருந்து கொடுத்துவிட்டு வருகிறவள். ஜெனிதா எங்களுக்கு ஒரே பிள்ளை. இருபத்து மூன்று வயது. படிப்பை முடித்து, ஓல்போர்க் ஆஸ்பத்திரியில் இரத்தம் பரிசோதிக்கிற வேலை எடுத்தாள். காரில் போக இரண்டு மணித்தியாலம், வர இரண்டு மணித்தியாலம். தினமும் நடக்கிற காரியமா? அங்கேயே ஒரு ஃப்ளாட் பார்த்தாள். தன்னோடு படித்த ஒரு டேனிஷ் பெட்டையும் அவளுடைய தம்பியும் பங்கு. மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. ஓகஸ்ட் முதலாம் திகதி வீட்டுத் திறப்பைக் கையில் கொடுப்பார்கள்.

மே மாதம் சாப்பாட்டு மேசையில் இதைச் சொல்லிவிட்டு, தகப்பனிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். எங்களோடு டேனிஷில் கதைக்கிற பிள்ளை, அன்றைக்குத் தமிழில் கேட்டாள்.

"அப்பா, அண்டைக்கு மட்டும் காரில ட்ரெயிலர் கொழுவிக்கொண்டு வாறீங்களா? கட்டிலும் மேசையும்தான்."

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டு "பாப்பம்" என்றார். அடுத்த கிழமை டிக்கெட்டோடு வந்து நின்றார். இருபத்தைந்தாவது கலியாண நாளுக்கு ஆஸ்திரேலியா, ஐந்து கிழமை. ஜூலை முப்பத்தொன்று பயணம். மெல்பேர்னில் அவருடைய சித்தப்பா மகள் யசிந்தா போகிற சபையில் ஓகஸ்ட் இரண்டாம் திகதி கன்வென்ஷன் கூட்டம் தொடங்குகிறதாம், தன்னைச் சாட்சி சொல்லக் கேட்டிருக்கிறார்களாம், நாளை மாற்ற ஏலாதாம். ஜெனிதா டிக்கெட்டைப் பார்த்தாள், தகப்பனைப் பார்த்தாள், கோப்பையை எடுத்துக்கொண்டு எழும்பிப் போய்விட்டாள்.

நான் அவரை நம்பினேன். கலியாண வீடுகளுக்கும் கன்வென்ஷன்களுக்கும் தவிர எங்கேயும் என்னைக் கூட்டிக்கொண்டு போகாத மனுசன். எனக்கு ஆசை வந்துவிட்டது. அதை ஏன் ஒளிப்பான்?

மெல்பேர்னில் இறங்கினால் நடுக் குளிர்காலம். டென்மார்க்கில் இருபத்தாறு குளிர்காலம் கண்டவள் நான். வீட்டுக்குள்ளே ஜாக்கெட் போட்டுக்கொண்டு படுத்தது யசிந்தா வீட்டில்தான். சுவர்களெல்லாம் தகரப் பேணி போல. கன்வென்ஷனோ தொடங்கவில்லை. "பிற்போட்டிட்டினமாம்" என்றார் இவர். ஆனாலும் வந்த முதல் ஞாயிறே பாஸ்டர் இவரைக் கூப்பிட, ஏறி நின்றார்.

முதல் சாட்சி சின்னதாகத்தான் இருந்தது. கர்த்தர் எங்கள் மகளுக்கு ஓல்போர்க்கில் ஒரு கதவைத் திறந்தாராம். அவள் அங்கே ஒரு விசுவாசக் குடும்பத்தோடு தங்கியிருக்கிறாளாம். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வெளியே வந்ததும் கேட்டேன். "அதை விடும் மலர், சனத்துக்கு எல்லாத்தையும் விளங்கப்படுத்த ஏலுமே" என்றார்.

இரண்டாவது, மெல்பேர்னிலேயே யசிந்தாவின் புருசனுடைய தமக்கை போகிற சபை. அங்கே சாட்சி வளர்ந்தது. வீட்டு வாசலில் மகளின் தலையில் கை வைத்து ஜெபித்து அனுப்பினாராம். தலையில் கை! நாங்கள் வெளிக்கிட்ட காலையில் ஜெனிதா அறைக்குள்ளே புத்தகப் பெட்டிகளுக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தாள். இவர் வாசலில் நின்று "கவனமா இரு" என்று கத்திவிட்டு, சூட்கேஸை இழுத்துக்கொண்டு போனவர்.

அந்தக் கிழமைதான் யசிந்தாவோடு நின்று கோப்பை கழுவும்போது உண்மை வெளியே வந்தது.

"கன்வென்ஷன் எப்பவும் இருபதாம் திகதிதானே மச்சாள்" என்றாள் அவள். "நான் அண்ணையைப் பத்துக்குப் பிறகு வாங்கோ எண்டுதான் சொன்னனான். எங்களுக்கும் லீவு வசதி. அண்ணைதான் ஒரேயடியா நிண்டவர், ஒண்டாம் திகதிக்கு முதல் வெளிக்கிட வேணுமெண்டு."

என் கையிலிருந்த கோப்பை உடையாதது அவள் புண்ணியம்.

அடுத்த நாள் எங்களைக் கடற்கரை றோட்டால் கூட்டிக்கொண்டு போனார்கள். கடலுக்குள்ளே பாறைகள் உயரமாக நிற்கின்றன. பன்னிரண்டு அப்போஸ்தலர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நான் எண்ணிப் பார்த்தேன், பாதிக்குக் கொஞ்சம் கூடத்தான் தேறியது. இவருக்கு அதற்கு முன்னால் நின்று ஃபோட்டோ எடுத்து, டென்மார்க்கில் நாங்கள் போகிற ரண்டர்ஸ் சபை குரூப்பில் போடவேண்டும். யசிந்தா குடும்பம் கோப்பி வாங்கப் போன நேரம் பார்த்து, ஃபோனைக் கீழே இறக்கிக் கேட்டேன்.

"பிள்ளை வீடு மாறுற நாளில இங்க இருக்கோணும் எண்டுதானே டிக்கெட் எடுத்தனீங்கள்?"

பொய் சொல்லுவார் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

"வேற என்ன செய்யச் சொல்லுறீர்? கட்டாத பொம்பிளைப்பிள்ளை வீட்டை விட்டுப் போகுது. தகப்பன் ட்ரெயிலரும் கொழுவிக்கொண்டு பின்னால போறதோ? ஆரும் கண்டா என்ன கதைக்குங்கள்? நான் அண்டைக்கு டென்மார்க்கிலயே இல்லையெண்டா, எனக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை எண்டாவது இருக்கும்."

"அவள் என்ன களவெடுத்துக்கொண்டே போறாள்? வேலைக்குப் போறாள்!"

"சத்தம் போடாதையும். அவை வருகினம்."

மற்றவர்கள் வீட்டில் தின்று, மற்றவர்கள் காரில் ஏறித் திரிகிற நேரம் என்ன சண்டை பிடிக்க? ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்கிறேன் என்று பல்லைக் கடித்தேன்.

சிட்னி சபையில் கட்டில் வந்தது. தன் இடுப்பு நோவையும் பாராமல் மகளுடைய கட்டிலை மூன்று மாடிக்குத் தோளில் சுமந்தாராம். இரண்டாம் மாடியில் நோ தாங்காமல் கர்த்தரைக் கூப்பிட்டாராம். மூன்றாம் மாடியில் நோவே இல்லையாம்! சனம் அல்லேலூயா என்று எழும்பி நின்றது. ஒரு கிழவர் அழுதே விட்டார். பிரிஸ்பனில் இன்னும் மேலே போனார். அந்த ஃப்ளாட்டில் ஜெனிதா ஜெபக்கூட்டம் தொடங்கி, இரண்டு டேனிஷ் பிள்ளைகள் இயேசுவை ஏற்றுக்கொண்டு இரட்சிக்கப்பட்டார்களாம்.

இதெல்லாம் லைவ் போகிறது. யசிந்தா ஆசையாக ஒவ்வொரு லிங்கையும் ஜெனிதாவுக்கு அனுப்பியிருக்கிறாள், தகப்பனின் பெருமையைப் பார் என்று. பிள்ளை முதலில் எனக்கு ஒரு வரி, இரண்டு வரி பதில் போட்டாள். சிட்னிக்குப் பிறகு ஒன்றுமில்லை. நான் எடுத்த ஃபோனையும் எடுக்கவில்லை.

திரும்பி வந்த அன்றே பக்கத்து வீட்டு டேனிஷ்காரர் எங்கள் கடிதங்களைக் கொண்டுவந்து தந்தார். அறுபத்தெட்டு வயது மனுசன். "உங்கள் மகள் பலசாலி" என்று சிரித்தார். அவருடைய ட்ரெயிலரில்தான் சாமான் போயிருக்கிறது. கட்டிலின் ஒரு பக்கம் அவர், மறுபக்கம் இவள், இரண்டு பேருமாக மூன்று மாடி. இரண்டு நாள் தன்னால் குனிய முடியவில்லை என்றார். எனக்கு அந்த வாசலிலேயே நிலம் பிளந்து உள்ளே போகலாம் போல இருந்தது. இவர் உள்ளே சோபாவில் இருந்துகொண்டு டிவியின் சத்தத்தைக் கூட்டினார்.

பத்து நாள் ஜெனிதா ஃபோன் எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ரண்டர்ஸ் சபைக்குப் போனோம். டேனிஷ் தேவாலயத்தின் மண்டபம், ஒரு மணிக்கு ஆராதனை. பாட்டு முடிந்ததும் பாஸ்டர், "ஆஸ்திரேலியாவில் கர்த்தர் செய்ததை ஜெபரட்ணம் அண்ணன் சொல்லுவார்" என்றார். இவர் சேர்ட்டை இழுத்துவிட்டுக்கொண்டு மைக்கை எடுத்தார். ரண்டர்ஸிலாவது வாயை அடக்குவார் என்று நினைத்தேன். இங்கே எங்களைத் தெரிந்த சனம். அந்த மனுசனோ "என்ர மகளின்ர கட்டிலை..." என்று தொடங்கினார்.

நான் எழும்பினேன். கைப்பையை எடுத்தேன். முன் வரிசையிலிருந்து கதவு வரைக்கும் எல்லாரும் பார்க்க நடந்து போனேன். கார்த் திறப்பு என்னிடம்தான் இருந்தது. வடக்கே பெரிய றோட்டில் ஏறி ஓல்போர்க்குக்கு விட்டேன். ரண்டர்ஸிலிருந்து ஐம்பது நிமிடம்தான்; அந்த நேரம் முழுக்க அவரைத் திட்டிக்கொண்டே ஓட்டினேன். என் பிள்ளை கதவைத் திறந்ததும் கட்டிப்பிடித்து அழுவாள், நானும் அழுவேன், இரண்டு பேருமாக அவரைத் திட்டுவோம். எனக்குள்ளே இதுதான் ஓடியது.

மூன்று மாடியும் மூச்சு வாங்க ஏறிப்போய் மணி அடித்தேன். ஜெனிதா திறந்தாள். ஒரு கையைக் கதவிலேயே வைத்திருந்தாள்.

"எழும்பிப் போனதைக் கண்டேன்" என்றாள் டேனிஷில். அன்றைய லைவையும் பார்த்திருக்கிறாள்.

"உனக்காகத்தான் வந்தனான் குஞ்சு. அந்தாளின்ர பொய்யைக் கேட்டுக்கொண்டு என்னால இருக்க ஏலாது."

அவள் ஃபோனை எடுத்து ஒரு வீடியோவைப் போட்டாள். பிரிஸ்பன். இவருடைய குரல்: இரண்டு டேனிஷ் பிள்ளைகள் இரட்சிக்கப்பட்டார்கள். உடனே ஒரு பெண் குரல், மற்ற எல்லாக் குரலுக்கும் மேலே, கணீரென்று: "ஆமென்!" கமெரா திரும்புகிறது. முன் வரிசையில் நான். கண்ணை மூடி, கையை உயர்த்தி.

சிட்னியைப் போட்டாள். கட்டில். ஆமென். மெல்பேர்ன் இரண்டையும் போட்டாள். தலையில் கை, ஆமென். விசுவாசக் குடும்பம், ஆமென்.

"வாய் தன்ர பாட்டில சொல்லுற சொல்லடி அது. எல்லாரும் சொல்லேக்க..."

"அப்பா பொய் சொல்லுவார் என்று எனக்குச் சின்ன வயதிலேயே தெரியும்" என்றாள் டேனிஷிலேயே. "அவர் சொன்னது எனக்கு வலிக்கவில்லை. உங்களுக்கு உண்மை தெரியும். நீங்கள் பக்கத்தில் இருந்து ஆமென் சொன்னீர்கள். நாலு தரம்."

எனக்கு அவள்மேலும் கோபம் வந்தது. பெற்ற தாயை வாசலில் நிறுத்தி வைத்து விசாரணையா? ஆனால் நான், ஐந்து கிழமையாக அவர்மேல் எரிந்துகொண்டிருந்தவள், என் வாயிலிருந்து என்ன வந்தது என்று ஒருநாளும் கேட்கவில்லை.

"நான் உள்ள வரட்டோ?"

"இண்டைக்கு வேண்டாம் அம்மா." இதைத் தமிழில் சொன்னாள். கதவை மெதுவாகத்தான் சாத்தினாள்.

கீழே வந்து காருக்குள் இருந்தேன். ஃபோன் அடித்தது. அவர்.

"எங்க நிக்கிறீர்? சனமெல்லாம் கேட்டது. ஆவியானவர் ஏவினபடியால மகளுக்காக ஜெபிக்க ஓல்போர்க்குக்குப் போட்டா எண்டு சொல்லிப்போட்டன். எல்லாருக்கும் பெரிய சந்தோசம்."

ஐந்தாவது சாட்சிக்குள் என்னையும் சேர்த்துவிட்டார்.

"ஆராதனை முடிஞ்சுதோ?" என்று கேட்டேன்.

"இப்பதான் பிரசங்கம் முடிஞ்சுது. முடிவு ஜெபம் கிடக்கு."

"லைவ் போகுதோ?"

"ஓம், போகுது."

"அப்ப ஃபோனை ஸ்பீக்கரில போட்டு மைக்குக்குக் கிட்டப் பிடியுங்கோ. நானும் ஒரு சாட்சி சொல்ல வேணும்."

அந்த மனுசனுக்கு வந்த புளுகமும் சந்தோசமும்! "ஸ்தோத்திரம்! சகோதரி தங்கமலர் ஓல்போர்க்கில இருந்து பேசுறா" என்று அவர் மைக்கில் சொல்வது எனக்குக் கேட்டது. சனம் கை தட்டியது.

"என்ர மகள் கட்டாமல்தான் வீட்டை விட்டுப் போனவள்" என்றேன். "வேலைக்குப் போனவள். அதில ஒரு பிழையும் இல்லை. அவளோட இருக்கிறது விசுவாசக் குடும்பமில்லை, ரெண்டு டேனிஷ் பிள்ளையள். அவளின்ர கட்டிலைத் தூக்கினது எங்கட பக்கத்து வீட்டுக் கிழவன். நாங்கள் அந்த நேரம் பிளேனில இருந்தம். என்ர புருசன் உங்களுக்கு முன்னால நிண்டு சொன்னது பொய். ஆஸ்திரேலியாவில நாலு சபையில சொன்னதும் பொய். அது பொய்யெண்டு தெரிஞ்சுகொண்டு, நாலு சபையிலும் ஆமென் எண்டவள் நான்."

மண்டபத்தில் எண்பது பேர். ஒருத்தரும் ஆமென் சொல்லவில்லை.