ஆய்வு ஆர்வம் என்ற கட்டம்

படிவத்தில் ஐந்து கட்டங்கள். பெயர், பதவி, கல்விப் பின்னணி, ஆய்வு ஆர்வம், வெளியீடுகள். வேதியியல் துறையின் இருபத்திரண்டு பேரும் வருடத்துக்கு ஒரு தடவை நிரப்பிக் கொடுப்பார்கள். தட்டச்சர் அதைப் பல்கலைக்கழக இணையதளத்தில் ஏற்றுவார். அதோடு சரி. ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. உயிர்வேதியியல்காரரின் பக்கத்தில் மூன்று வருடமாக வேறு யாருடைய போட்டோவோ இருக்கிறது. அவருக்கே அது தெரியாது.

துறைத்தலைவர் படிவத்தை அவள் பக்கம் தள்ளினார்.

“நாலாவது கட்டத்தை மாத்திடுங்கம்மா.”

தற்காலிக விரிவுரையாளராகப் பதினோரு வருடம். பதினோரு வருடமும் அந்தக் கட்டத்தில் அவள் எழுதியது ஒரே வரி: மனித உடலில் ஈய நச்சு.

“எதுக்கு சார்?”

“நிரந்தரப் பணியிடம் ஒண்ணு வந்திருக்கு. உலோக மீட்புக்குத்தான் ஆள் கேட்டிருக்காங்க. தேர்வுக்குழு முதல்ல உங்க பக்கத்தைத்தான் தொறந்து பார்ப்பாங்க. நச்சுன்னு இருந்தா, இது ஏதோ மருத்துவக் கல்லூரி கேஸுன்னு ஓரங்கட்டிடுவாங்க. ‘பழைய பேட்டரிகளிலிருந்து ஈயத்தை மீட்டெடுத்தல்’னு போடுங்க. பொய்யா அது? பேட்டரி உருக்கற அந்த உலையைப் பத்தி ரெண்டு கட்டுரையில எழுதியிருக்கீங்கல்ல?”

“நான் அளந்தது ரத்தத்துல இருக்கற ஈயம் சார்.”

“ஈயம் ஈயம்தானேம்மா! ரத்தத்துல கெடந்தா என்ன, உலையில கெடந்தா என்ன? உங்க ஆராய்ச்சியையா அழிக்கச் சொல்றேன்? ஒரு வரி.”

கெட்ட மனிதர் இல்லை. அவளுடைய ஒப்பந்தம் முடிகிற ஒவ்வொரு முறையும் மேலே போய்ப் பேசிப் புதுப்பித்துத் தந்தவர் அவர்தான். அதற்குப் பதிலாக அவளுடைய எல்லாக் கட்டுரையிலும் முதல் பெயர் அவருடையது. இரண்டாவது, கருவிக்கு அனுமதி தந்தவர். அவள் பெயர் மூன்றாவது. எங்கும் எழுதி வைக்காத துறை வழக்கம் அது.

அவளுடைய கல்விப் பின்னணிக் கட்டத்தில் மூன்று பட்டங்கள் இருந்தன. மூன்றுக்கும் அண்ணன்தான் உழைத்தான். பழைய பேட்டரி உருக்கும் தொழிற்சாலையில் கோடாலியால் பேட்டரியைப் பிளப்பான், அமிலத்தை மண்ணில் கவிழ்ப்பான், தகடுகளைப் பிடுங்கி உலையில் போடுவான். பதினெட்டு வருடம். இப்போது அவனுடைய வலது கை மணிக்கட்டோடு மடிந்து தொங்குகிறது. சட்டைப் பொத்தானை அண்ணிதான் போட்டுவிடுகிறாள். வயிறு முறுக்கிப் பிடித்தால் தரையில் சுருண்டுகொள்வான்.

அவனையும் சேர்த்து அங்கே வேலை பார்த்த இருபத்தேழு பேரிடம் அவள் ரத்தம் எடுத்தாள். நூறு மில்லி ரத்தத்தில் ஈயம் பத்து மைக்ரோகிராமுக்கு மேல் போனாலே பயப்பட வேண்டிய அளவு. அண்ணனுக்கு எழுபத்திரண்டு. கட்டுரையில் அவன் ‘ஏழாம் நபர்’.

அந்த இருபத்தேழு பேரும் தொழிலாளர் தீர்ப்பாயத்தில் வழக்குப் போட்டிருந்தார்கள். குடியால் வந்த நோய் என்றது தொழிற்சாலை. இல்லை, உலையால் வந்தது என்று சொல்ல அவள் ஒருத்திதான் இருந்தாள். அவள் நிபுணர் என்று காட்ட, வக்கீல் பல்கலைக்கழகப் பக்கத்தை அச்செடுத்து மனுவோடு சேர்த்திருந்தார்.

அது நினைவுக்கு வராமல் இல்லை. வந்தது. ஆனால் கட்டுரைகள் இருக்கின்றன, பட்டம் இருக்கிறது, அளவுகள் இருக்கின்றன, இந்த வரியையா போய்ப் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்தாள். துறையில் எவரும் பார்க்காததை வெளியில் எவன் பார்ப்பான்? மதிய இடைவேளைக்கு முன்பே மாற்றி எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

நேர்முகத் தேர்வு நன்றாகவே நடந்தது. உத்தரவுதான் வர வேண்டும்.

“அப்போ பெர்மனென்ட்டா, டாக்டரம்மா?” என்றான் அண்ணன்.

“இன்னும் இல்ல. ஆளை விடு.”

“இனிமே வீட்டுக்கு வர்றதுக்கே அப்பாயின்ட்மென்ட் கேப்பா பாரு,” என்றாள் அண்ணி. அண்ணன் இருமிக்கொண்டே சிரித்தான். “கோர்ட்டுல மட்டும் நாங்க பேசற மாதிரி பேசிடாத, தங்கச்சி. ஆபீசரு மாதிரி பேசு.”

படிவத்தைப் பற்றி அவள் வாயைத் திறக்கவில்லை.

தீர்ப்பாயம் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடியில் இருந்தது. அண்ணன் முன் வரிசையில் உட்கார்ந்துகொண்டான். மற்றவர்களுக்கு உள்ளே இடமில்லை, கீழே நின்றார்கள்.

தொழிற்சாலை வக்கீல் மரியாதையாகத்தான் ஆரம்பித்தார்.

“இந்தக் கட்டுரைகள்ல உங்க பேர் மூணாவதா இருக்கே மேடம். மூணாவது ஆளு என்ன வேலை பார்த்தார்?”

“ரத்தம் எடுத்தது, அளந்தது, எழுதினது எல்லாமே நான்தான்.”

“அப்போ முதல் ரெண்டு பேரும்?”

பதிலுக்குக் காத்திருக்காமல் வக்கீல் ஒரு தாளை நீட்டினார்.

“உங்க பல்கலைக்கழகப் பக்கம். நேத்து எடுத்தது. ஆய்வு ஆர்வம்னு இருக்கு பாருங்க, வாசிங்க.”

“பழைய பேட்டரிகளிலிருந்து ஈயத்தை மீட்டெடுத்தல்.”

“எங்க தொழிற்சாலை செய்யற வேலையே அதுதானே மேடம்! நீங்க எங்க பக்கம்ல வந்து உட்காரணும்?”

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். தீர்ப்பாய அதிகாரி மனுவில் இருந்த பழைய அச்சையும் புதியதையும் அருகருகே வைத்துப் பார்த்தார்.

“இதுல வேற என்னமோ இருக்கே. எப்பம்மா மாத்தினீங்க?”

“போன மாசம்.”

“வழக்கு நடக்கறப்பவேவா? யாராவது மாத்தச் சொன்னாங்களா?”

துறைத்தலைவர் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஏன் என்று கேட்பார்கள். பணியிடத்துக்காக என்று சொல்ல வேண்டிவரும். உத்தரவு இன்னும் அவருடைய மேசையில் இருந்தது.

“யாரும் சொல்லல. நான்தான் மாத்தினேன்.”

அதிகாரி தட்டச்சரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே போனார்: சாட்சி தம் துறை உலோக மீட்பு என்று தாமே அறிவித்துள்ளார், மனித உடல்நலம் பற்றிய இவரது கூற்றை நிபுணர் கருத்தாக ஏற்பதற்கில்லை. தட்டச்சர் ஒரு எழுத்துக்கூடப் பிசகாமல் அடித்தார்.

அண்ணனுக்குச் சட்டம் தெரியாது. ‘நான்தான் மாத்தினேன்’ என்பது புரிய சட்டம் எதற்கு? மாடிப்படியில் இறங்கும்போது அவன் அவளுக்கு இரண்டு படி முன்னாலேயே போனான். திரும்பிப் பார்க்கவில்லை.

கீழே ஆட்கள் சூழ்ந்துகொண்டார்கள். உலை வேலைக்காரர் ஒருவர், ஈயம் ஏறி ஈறெல்லாம் நீலம் பாய்ந்தவர், அவளையே பார்த்துக் கேட்டார்.

“என்னம்மா ஆச்சு? நம்ம பக்கம்தானே?”

அவள் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் குறுக்கே வந்தான்.

“தங்கச்சி எல்லாம் சரியாத்தான் சொன்னா. அவனுங்கதான் காதுல போட்டுக்கல.”

“பாவம், தனியா நின்னு போராடியிருக்கு பொண்ணு,” என்றார் அவர். யாரோ அவளுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்கள்.

இல்லை என்று அவள் சொல்லவில்லை. வாங்கிக் குடித்தாள்.