மகிழ்ச்சியுடன் சம்மதித்த முப்பத்தொரு பேர்

விடியற்காலை ஐந்தரைக்கே குப்பைக் கொட்டகையில் கை ஓடத் தொடங்கிவிடும். புளித்த பால்கவர், மீன் நாற்றம் ஒட்டிய பை, மாத்திரை அட்டை என்று நகரமே சாக்கில் வந்து குவிந்திருக்கும். லீலாபாயும் முப்பது பெண்களும் பச்சைக் கோட்டு மாட்டி, குந்தியிருந்து பிரிப்பார்கள். எந்த வீட்டில் யார் ஒளித்துக் குடிக்கிறார் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். வெளியே சொல்லமாட்டார்கள், அதற்கு ஊரில் நாங்கள் இருக்கிறோம்.

அன்று ஸ்ரீகுமாரி மலையாளப் பத்திரிகையை விரித்துக்கொண்டு நின்றாள். "லீலாக்கா, நகரசபையோட பேச்சுவார்த்தை முடிஞ்சாச்சாம். கொட்டகைய ஒழிஞ்சு குடுக்க முப்பத்தொரு பேரும் சந்தோஷமா சம்மதிச்சாச்சாம்!"

"எட்டி, பேச்சே இன்னைக்குப் பதினொரு மணிக்குல்லா?"

யார் வேலை என்று லீலாபாய்க்குப் புரிந்துவிட்டது. நகரசபையின் சுகாதாரக் கமிட்டித் தலைவர் ஜெயன், பாறசாலையில் பன்னிரண்டு வருஷம் நிருபராக இருந்தவர். நாலு மணிக்குள் அனுப்பாத செய்திக்குப் பத்திரிகையில் இடமில்லை. ஆகவே ஆறு மணிக் கூட்டத்தை மூன்றரைக்கே, கைதட்டல் உட்பட, எழுதி அனுப்பிவிடுவார். குன்னத்துகாலில் ஒரு ஆண்டுவிழாவுக்கு வராத பேச்சாளர் ஒரு மணி நேரம் முழங்கியதாக வந்து, ஊர் சிரித்தது. தலைவரான பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை.

ஒன்றை மட்டும் கண்ணால் பார்த்து, படமும் எடுத்து எழுதினார். ஏழு வருஷம் முன்பு, சந்தைச் சுவரோரம் கொட்டும் மழையில், குடையைத் தோளில் இடுக்கிக் குப்பை பிரித்த லீலாபாயை. அந்தப் படத்தால் கொட்டகை வந்தது. அதே படத்தைக் காட்டி அவர் வார்டு ஜெயித்தார். வீடு வீடாக அவருக்கு ஓட்டுக் கேட்டவளும் லீலாபாய்தான். இப்போது கொட்டகை இருக்கும் இடத்தில் கடை வளாகம் வருகிறது. இவர்களுக்கு ஒதுக்கியது கூரையும் கக்கூஸும் இல்லாத பழைய கல்குவாரி.

பதினொரு மணிக்கு அவர் அறையில் நின்றார்கள். அந்தக் குடைப் படம் கண்ணாடி போட்டு அவர் நாற்காலிக்குப் பின்னால் தொங்கியது.

"சாறே, நாங்க எப்போ சம்மதிச்சோம்?"

"எப்படியும் சம்மதிப்பியள்லா சேச்சி? எனக்க கையில ஒண்ணுமில்ல. நீங்க மாட்டேன்னா குப்பை பிரிக்க கம்பெனிக்காரன் ஆளோட வாறான்."

"ஒரு கூரையாவது போட்டுத் தாரும்."

"அடுத்த பட்ஜெட்டுல பாப்போம். இந்தச் சம்மதக் கடுதாசில ஒப்பு போடுங்க."

அவர்களில் பிரேமகுமாரி கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்துவிட்டாள். அவளுக்குக் படுத்த படுக்கையாகக் கிடக்கும் புருஷன். வேலை போனால் அடுப்பு அணையும். யாரும் அவளைக் குறை சொல்லவில்லை.

லீலாபாய் கேட்டாள்: "நாளைக்கு வாற செய்தியும் அனுப்பியாச்சா சாறே?"

ஜெயன் மேசைமேல் கிடந்த போனைக் கவிழ்த்து வைத்தார்.

"அப்போ எங்க ஒப்பு எதுக்காக்கும்? அதையும் நீரே எழுதிக்கிடும்."

பிரேமகுமாரி கையிலிருந்த பேனா மேசையில் விழுந்தது. முப்பத்தொரு பேரும் வெளியேறினார்கள்.

மறுநாள் விடியும்போதே, கொட்டும் மழையில், போலீசும் ஜேசிபியும் வந்து நின்றன. கூரைத் தகடுகளைக் கழற்ற நாலு பேர் ஏறினார்கள். கீழே பெண்கள் குந்தியிருந்து சாக்கை அவிழ்த்தார்கள்.

"நாம அமைதியா ஒழிஞ்சு போயாச்சாம்," என்று அன்றைய பத்திரிகையைப் படித்தாள் ஸ்ரீகுமாரி.

"படிச்சாச்சுல்லா? காகிதச் சாக்குல போடு."

முதல் தகடு கழன்றதும் மழை உள்ளே இறங்கியது. லீலாபாய் குடையை விரித்துத் தோளில் இடுக்கினாள். இந்தமுறை படமெடுக்க யாரும் இல்லை. பிரேமகுமாரி நகர்ந்து வந்து, குடைக்குள் ஒரு தோளை நுழைத்துக்கொண்டு, அடுத்த பால்கவரை உதறினாள்.