முதலில் வந்த மருத்துவமனை

அஸ்தம்பட்டியில் ஒரு ஸ்கேன் சென்டரின் மாடியில் இருந்தது குணசீலனின் அலுவலகம். ராசிபுரம் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பையன். இன்ஜினியரிங் முடித்து, சில வருடம் பெங்களூரில் இருந்துவிட்டு ஊர்ப்பக்கமே வந்துவிட்டான். கிளினிக்குகளுக்கு வெப்சைட் செய்து தருவதும், யாராவது போனில் தேடினால் அந்தக் கிளினிக் முதலில் வரும்படி செய்வதும் அவன் தொழில்.

தொழிலை அவன் நன்றாகவே தெரிந்து வைத்திருந்தான். சூரமங்கலம் டாக்டர் தண்டாயுதபாணி அவனிடம் வந்தபோது, அவருடைய கிளினிக்கின் பெயர் இணையத்தில் ஓரிடத்தில் ஒரு மாதிரியும் இன்னோரிடத்தில் வேறு மாதிரியும் இருந்தது. எப்போதோ மாற்றிவிட்ட போன் நம்பர் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் சரிசெய்தான். சர்க்கரை, ரத்த அழுத்தம், காய்ச்சல் என்று அவர் பார்க்கும் ஒவ்வொன்றுக்கும் தனிப் பக்கம் வைத்தான். நோயாளிகள் கேட்கும் கேள்விகளை அவர்கள் பேச்சிலேயே போட்டு, டாக்டரிடம் கேட்டுப் பதிலும் எழுதினான். இதெல்லாம் பலன் தர ஆறு மாதமாகும் என்று முதலிலேயே சொல்லியிருந்தான்.

டாக்டருக்குப் பொறுமை இல்லை. அதே தெருவில் புதிதாக வந்த கிளினிக் தேடலில் மேலே நிற்பதை மூன்றாவது மாதமே படம் பிடித்து அனுப்பினார். பிறகு வாரம் இரண்டு முறை அனுப்பினார்.

குணசீலன் குறுக்கு வழி ஒன்றைப் பிடித்தான். சுற்றுவட்டாரத்தில் மக்கள் எதையெல்லாம் தேடுகிறார்கள் என்று பார்த்தபோது, ஓமலூர்ப் பக்கம் பலர் பாம்புக்கடி சிகிச்சையைத் தேடுவது தெரிந்தது. அதற்கென்று பக்கம் வைத்திருந்தவர் யாருமில்லை. அன்றே எழுதிவிட்டான்: ‘பாம்புக்கடிக்கு 24 மணி நேர அவசர சிகிச்சை.’ கிளினிக் மதியம் ஒன்றரைக்கு மூடி, ஐந்துக்குத்தான் திறக்கும். விஷமுறிவு மருந்து அங்கே ஒருநாளும் இருந்ததில்லை. போடலாமா என்று கேட்டு டாக்டருக்கு அனுப்பினான். அவர் நோயாளிகளுக்கு நடுவே செய்தியைத் திறந்து, சரி என்று கட்டைவிரல் படம் ஒன்றைப் பதிலாக அனுப்பினார். பத்தே நாளில் அந்தப் பக்கம் முதலிடத்துக்கு வந்தது. கிளினிக்கின் மற்றப் பக்கங்களும் மெல்ல மேலேறின. டாக்டர் படம் அனுப்புவதை நிறுத்தினார்.

புரட்டாசியில் ஒரு காலை, கிளினிக் பெயருக்குக் கீழே ஒற்றை நட்சத்திரத்தோடு ஒரு கருத்து வந்தது. எழுதியவர் பெயர் ஷாலினி. பாம்புக்கடிக்கு இருபத்து நான்கு மணி நேரமும் பார்ப்பதாகப் போட்டிருந்ததை நம்பி வந்ததாகவும், கிளினிக் பூட்டிக் கிடந்ததாகவும், அம்மா இப்போது டயாலிசிஸில் இருப்பதாகவும் எழுதியிருந்தார். டாக்டர் உடனே கூப்பிட்டார். போலி என்று புகார் செய்து நீக்கச் சொன்னார். முடியாவிட்டால் அவர்களிடம் பேசி எடுக்க வைக்கச் சொன்னார்.

கிளினிக் போனில், சில நாள் முன்பு ஒரு மதியம் எடுக்கப்படாத அழைப்புகள் ஒரே நம்பரிலிருந்து பதினொன்று இருந்தன. குணசீலன் அந்த நம்பரைக் கூப்பிட்டான். எடுத்தது ஷாலினி. அப்பா சேலம் அரசு மருத்துவமனையில் இருக்கிறார், சொல்வதை அவரிடம் நேரில் வந்து சொல்லுங்கள் என்றாள்.

வார்டு வாசலில் சின்னுசாமி சுவரோரம் உட்கார்ந்திருந்தார். உள்ளே அவர் மனைவி ராமாயி தூங்கிக்கொண்டிருந்தாள். கடலைக்காய் பிடுங்கும்போது கண்ணாடி விரியன் கடித்திருக்கிறது. மகள் போனில் தேடியிருக்கிறாள். பக்கத்துத் தோட்டத்துக்காரரின் காரில், ஓமலூர் அரசு மருத்துவமனை வாசலைத் தாண்டியேதான் சூரமங்கலம் போயிருக்கிறார்கள். ஷட்டர் சாத்தியிருந்தது. வெளியே நின்று நம்பரை அழுத்தினால் போன் உள்ளேயே அடித்ததாம். விசாரித்து இங்கே வந்து சேரும்போது, கடித்து ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. உயிர் தப்பியது. சிறுநீரகம் இரண்டும் வேலையை நிறுத்திவிட்டன.

தகவல் பழையதாகிவிட்டது, மாற்ற விட்டுப்போயிற்று என்று சொல்ல குணசீலன் வழியெல்லாம் தயார் செய்து வந்திருந்தான். அதைச் சொல்லவும் செய்தான்.

சின்னுசாமி கோபப்படவில்லை. “ஓமலூர்லயே நிறுத்தலாமுன்னு கார்க்காரரு சொன்னாருங்க. நாந்தான் வேண்டான்னேன். பாப்பா போன்ல படிச்சுக் காட்டுச்சு. எழுதியிருந்ததப் படிச்சுத்தானுங்க போனோம்.” பிறகு கேட்டார்: “அத ஆரு சாமி எழுதுனது?”

அந்தப் பக்கத்தை எழுதக் குணசீலனுக்கு முழுதாக அரைமணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை.

“நாந்தானுங்க.”

நர்ஸ் ராமாயி பெயரைச் சொல்லிக் கூப்பிட, சின்னுசாமி எழுந்து உள்ளே போனார். கருத்தை எடுக்கச் சொல்லி அவன் கேட்கவில்லை.

அலுவலகத்துக்கு வந்ததும் டாக்டரைக் கேட்காமலே அந்தப் பக்கத்தை மாற்றினான். இங்கே பாம்புக்கடிக்குச் சிகிச்சை இல்லை, கடித்த இடத்தைக் கீறவோ கட்டவோ வேண்டாம், 108-ஐ அழையுங்கள், உடனே பக்கத்து அரசு மருத்துவமனைக்குப் போங்கள் என்று எழுதினான். மாலையில் சூரமங்கலம் போய், நடந்ததைச் சொல்லி, படம் பிடித்து வைத்திருந்த பழைய பக்கத்தைத் தன் போனில் காட்டினான். டாக்டர் அப்போதுதான் அதை முழுதாகப் படித்தார்.

“இதை நான் படிக்கவே இல்லையே, குணசீலன்.”

“நீங்க படிக்காம சரின்னீங்க. நான் தெரிஞ்சே எழுதுனேனுங்க.”

டாக்டர் தன் போனை எடுத்து, ஷாலினியின் கருத்துக்குக் கீழே, தவறு எங்களுடையது என்று தன் பெயரிலேயே பதில் எழுதினார்.

ஒன்பது முறை டயாலிசிஸ் செய்த பின் ராமாயியின் சிறுநீரகம் வேலை செய்யத் தொடங்கியது. ஐப்பசி பாதியில் வீடு திரும்பினாள். குனிந்து வேலை செய்ய இன்னும் முடியவில்லை. ஒற்றை நட்சத்திரம் அப்படியே இருக்கிறது. கிளினிக் தேடலில் நான்காவதாக வருகிறது.

இப்போது புதிதாக வரும் எந்த டாக்டரிடமும் குணசீலன் முதல் நாளே சொல்லிவிடுகிறான்: “உங்ககிட்ட இருக்கறத மட்டுந்தான் எழுதுவேனுங்க. நோவோட தேடறவிங்க நாம எழுதறத நம்பித்தான் வண்டியெடுக்கறாங்க. இல்லாதத எழுதி முதல்ல வந்தோமுன்னா, அவிங்க உசுருக்குக் குறுக்க நிக்கறது நாமதானுங்க.”