காலருக்குள் லினன்

விடிவதற்குள் ஹலூமா வரிசையில் வந்து நின்றுவிட்டாள். முந்தின நாள் பெய்த பனியில் பக்கத்துக் கூடாரம் சரிந்து விழுந்திருந்தது. ஆறு வயது மகள் மந்தீனா பாவாடைமேல் பாவாடை உடுத்தி, காலில் கோணி சுற்றி நின்றாள். மூன்று நாளாக இருமல். குடியேறிகள் முகாமின் துணிக்கிடங்கில் இன்றைக்குக் கம்பளிக் கோட்டு கொடுப்பதாகச் சொல்லியிருந்தார்கள். பெங்காசியிலிருந்து கப்பலேறி இஸ்ரேலுக்கு வந்து பதினொரு மாதம். இன்னும் கூடாரம்தான்.

மேஜைக்குப் பின்னால் எர்னா. டால்மேஷியக் கடற்கரையிலிருந்து வந்தவள், ஐம்பது வயதிருக்கும். ஹலூமாவின் அரபு அவளுக்குப் புரியாது, அவள் மொழி ஹலூமாவுக்குப் புரியாது. எபிரேயம் இருவருக்குமே தட்டுத்தடுமாறித்தான். இருவர் ஊரும் ஒரு காலத்தில் இத்தாலியின் ஆட்சியில் இருந்தவை. அதனால் இத்தாலிய மொழியில் பேசிக்கொள்வார்கள்.

எர்னா மூட்டையிலிருந்து ஒரு கோட்டை உருவி மேஜைமேல் போட்டாள். சாம்பல் பச்சை. உலகப்போரில் தோற்றுப்போன இத்தாலியப் பட்டாளத்தின் மிச்சம். காலரின் இரு முனையிலும் நட்சத்திரம் பிய்த்த இடம் மட்டும் வெளுக்காமல் இருந்தது.

நீட்டிய கையை ஹலூமா இழுத்துக்கொண்டாள்.

“வேற இருக்கா, சிஞ்ஞோரா?”

“இதுக்கென்ன? சுத்தக் கம்பளி. புள்ள நடுங்குறா பாரு.”

“பெருசா இருக்கே.”

“வெட்டித் தச்சுக்கோ. ஊசி நான் தரேன்.”

பின்னால் திரிப்போலிக்காரன் ஷுஷான் அரபில் கத்தினான். “என்ன ஹலூமா, கல்யாணக் கோட்டா பாக்குற? எடுத்துக்கிட்டு நகரு. என் காது ரெண்டும் விறைச்சுப்போச்சு.”

“விறைக்கட்டும். உன் பொண்டாட்டி பேசறது கேக்காம நிம்மதியா இருப்ப.”

வரிசை சிரித்தது. ஹலூமா சிரிக்கவில்லை. எர்னா பக்கம் திரும்பினாள்.

“காலருக்குள்ள லினன் வச்சிருக்கு. கம்பளியும் லினனும் ஒரே துணியில சேந்தா நாங்க உடுத்தமாட்டோம். வேதத்துல தடை.”

“நானும் யூதச்சிதாம்மா. எனக்கே வேதமா? அதுசரி, பிரிக்காமலே உள்ள இருக்கறது உனக்கு எப்படித் தெரியும்?”

அப்படிப்பட்ட காலர்கள் முப்பது நாற்பதை அவள் பிரித்துத் தைத்திருக்கிறாள். காவலர்கள் கொடுத்த ஊசியால். கூலி, கால் ரொட்டி.

எர்னா கத்தரியை எடுத்துக் காலரின் ஓரத்தில் நாலு தையலை வெட்டினாள். விரலை விட்டு இழுத்தாள். முரட்டு லினன் பட்டை ஒன்று முழுசாக வெளியே வந்தது.

“அட, ஆமா!” என்று அதைத் தரையில் போட்டாள். “இப்ப தடை இல்லையே. வா கண்ணு, போட்டுக்க.”

மந்தீனா கோட்டுக்குள் போய்விட்டாள். ஹலூமாவிடம் வேறு சாக்கு இல்லை.

எர்னா குழந்தையின் தோளைத் தடவினாள். “எங்க ஊருல ஜெர்மன்காரங்க எங்களைப் பிடிக்க வந்தப்ப, இந்தக் கோட்டுப் போட்டவங்கதான் லாரியில ஏத்திக் கொண்டுபோய்க் காப்பாத்தினாங்க. ஒருத்தன் தன் ரொட்டிய எங்கம்மாவுக்குக் குடுத்தான். நல்ல ஜனங்கம்மா. இந்தத் துணியத் தொட்டாலே எனக்கு அழுகை வருது.”

“எங்களையும் லாரியிலதான் ஏத்துனாங்க.”

“எங்க?”

“ஜாதோவுக்கு. பாலைவனத்துல முகாம். பெங்காசிப் பக்கத்து ஜனங்க ரெண்டாயிரம் பேருக்கு மேல. பேன் காய்ச்சல்ல அஞ்சுல ஒருத்தர் போயிட்டாங்க. என் மூத்தவன் கமூஸுக்கு நாலு வயசு.”

எர்னாவின் கை நின்றது.

“ஜெர்மன்காரங்களா இருக்கும்.”

“இத்தாலிக்காரங்க, சிஞ்ஞோரா.”

“நீ குழப்பிக்கிற. தூரத்துல பாத்தா ரெண்டு உடுப்பும் ஒண்ணுபோலத்தான் இருக்கும்.”

“தூரத்துலயா” என்றாள் ஹலூமா.

ஜாதோவில், தைக்க வந்த கோட்டைத்தான் கடைசி நாள் பகல் முழுக்கக் காய்ச்சலில் கிடந்த கமூஸின்மேல் போர்த்தியிருந்தாள். சாயங்காலம் பொத்தான் தைத்துத் திருப்பிக் கொடுக்கவேண்டியிருந்தது. மறுநாள் காலையில் பிள்ளை விறைத்துக் கிடந்தான். இதை அவள் எர்னாவிடம் சொல்லவில்லை. அந்தக் கோட்டு நல்ல வெதுவெதுப்பு என்பதையும் சொல்லவில்லை.

ஷுஷான் குரலைத் தணித்தான். “அந்தம்மாகிட்டப் போய் இதையெல்லாம் ஏன் சொல்ற? வாங்கிட்டு வா.”

“அம்மா, சூடா இருக்கு” என்றாள் மந்தீனா. கோட்டின் அடி பனியில் புரண்டது. கைகள் கோட்டுக்கைக்குள் காணாமல் போயிருந்தன. இருமல் சற்று அடங்கியிருந்தது. அவள் நாலடி தள்ளிப்போய்த் திரும்பி, அம்மாவைப் பார்த்து விறைப்பாக நின்றாள். மோவாய் நிமிர்ந்தது.

“சிப்பாய் மாதிரி இருக்கேனா?”

ஹலூமாவின் குதிகால்கள் தாமாகவே சேர்ந்தன. கைகள் தொடையோடு ஒட்டின. பார்வை தரைக்குப் போயிற்று. காலையில் காவலர்கள் தலை எண்ண வரும்போது ஜாதோவில் அப்படித்தான் நிற்கவேண்டும்.

“கையெழுத்துப் போடும்மா. அடுத்த ஆள் நிக்குது” என்றாள் எர்னா. இத்தாலிய மொழியில்.

ஹலூமா நிமிராமலே போட்டாள்.