பிலவேந்திரனின் இடது கை

செல்லப்பன் காகித உறையிலிருந்து போட்டோவை எடுத்து நீட்டியபோது, ரஞ்சிதத்தின் கண் புருஷனின் முகத்துக்குப் போகவில்லை. அவர் மடியில் உட்கார்ந்திருந்த மகளின் முகத்துக்குத்தான் போனது. அதன் மேல் சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி. படம் முழுக்கக் கட்டங்கள். நெற்றியில் ஒரு கோடு, மூக்கில் ஒரு கோடு, மீசையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஒரு கோடு.

"பெருசா வரையணும்னா கட்டம் போட்டாத்தாங்க்கா அளவு வரும்" என்றான். செஞ்சியில் சினிமாத் தட்டிக்கும் கடைப் பலகைக்கும் வர்ணம் அடிக்கிறவன் அவன்தான்.

"அது சரி. பொண்ணு மூஞ்சியில இது இன்னாத்துக்கு?"

"கொழந்தைய வரைய வேணாம்னு படிப்பகக் கமிட்டியில சொல்லிட்டாங்க. மறந்து வரைஞ்சிடப் போறேன்னு ஒரு அடையாளத்துக்குப் போட்டேன். ஈரத்துணியால தொடச்சாப் போயிடும்னு நெனச்சேன். போவல." அவன் தலையைத் தூக்கவில்லை.

வீட்டில் இருந்த ஒரே படம் அது. போன செப்டம்பரில், பாகிஸ்தான் சண்டையில், லாகூர் பக்கம், ஓட்டிப்போன லாரியின் மேல் குண்டு விழுந்து அவில்தார் பிலவேந்திரன் செத்துப்போனார். உடம்பு வரவில்லை. டிரங்குப் பெட்டி மட்டும் வந்தது. கோயில் கல்லறையில் போய் மெழுகுவர்த்தி ஏற்றலாம் என்றால் ஏற்றுவதற்கு ஒரு குழி கிடையாது. ராத்திரி ஜெபம் சொல்லும்போது மகள் ஞானம் அந்தப் போட்டோவைப் பார்த்துத்தான் சொல்லும். அதைக் கேட்டு வாங்க பாண்டுரங்கனே வீடு தேடி வந்தான். படிப்பகத்தில் படம் திறக்கப் போகிறோம், எண்ணி இருபது நாளில் அப்படியே திருப்பித் தருகிறோம், ஒங்க மாதா மேல சத்தியம் என்று அடுத்தவர் சாமி மேல் தாராளமாகச் சத்தியம் செய்தான். ஊரே கூடி மரியாதை செய்கிறதே என்று அவளும் எடுத்துக் கொடுத்தாள்.

பாண்டுரங்கனுக்கு பஸ் ஸ்டாண்டில் சோடாக் கடை. படிப்பகக் கமிட்டிக்கும் அவன்தான் தலைவர். அந்தக் கடையைத் தாண்டாமல் பிலவேந்திரன் செட்டிக்குளத்துக்குப் போக முடியாது. பதினெட்டு வயதில் பட்டாளத்துக்குப் போனவர். பட்டாளத்தைப் பற்றி ஒருத்தர் குறைவாகப் பேசினால் எழுந்து போய்விடுவார். லீவில் இருந்தாலும் விடிந்ததும் பூட்ஸுக்குப் பாலிஷ் போடுவது நிற்காது. அதே மனுஷன், ஊருக்கு வந்து இறங்கிய மறுநாளே வீட்டு அழுக்குத் துணி மொத்தத்தையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு குளத்துக்குக் கிளம்பிவிடுவார். அவளுடைய புடவை, பாவாடை, ஞானத்தின் மூத்திரத் துணி எல்லாம் அதில் இருக்கும். வேண்டாம் என்றால் கேட்க மாட்டார். "பத்து மாசம் நீ தொவச்ச, ரெண்டு மாசம் நான் தொவைக்கிறேன்" என்பார். மத்தியானம் மகளை முட்டிக்கு நடுவில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு பேன் பார்ப்பார்.

"இன்னா மிலிட்டரி, கோட்டையப் புடிக்கப் போறியா, பொண்டாட்டி பாவாடையப் புழியப் போறியா?" என்று பாண்டுரங்கன் கடையிலிருந்து கத்துவான். பெஞ்சில் இருக்கிற அத்தனை பேரும் சிரிப்பார்கள்.

அவர் சைக்கிளை நிறுத்தாமலே சொல்வார்: "கோட்டையில ஆளே இல்லப்பா. எப்ப வேணா புடிச்சிக்கலாம். இது இன்னைக்கே காயணும்."

அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். பெயர் ஒட்டிக்கொண்டது. பாவாடை மிலிட்டரி. பள்ளிக்கூடத்தில் ஞானத்தையும் பாவாடை மிலிட்டரி பொண்ணு என்றே கூப்பிட்டார்கள். அவர் சாவுச் செய்தி வந்த வாரம்தான் அந்தப் பெயர் நின்றது.

சாயங்காலம் படிப்பகத்து வாசலில் பந்தல், மைக் செட், பெஞ்சுகளில் அதே சிரித்த ஆட்கள், சட்டையில் கறுப்பு பேட்ஜ். மேடை ஏறும் முன் ரஞ்சிதம் பாண்டுரங்கனை மறித்துக் கேட்டாள்.

"கொழந்தைய ஏண்ணே எடுக்கச் சொன்னீங்க?"

"வீரன் படம்மா இது. மடியில கொழந்தைய வச்சிக்கினு குந்தியிருந்தா பாக்கறவனுக்கு வீரம் வருமா? சும்மா இரு. ஊரே மரியாத பண்ணுது."

அப்படியே திரும்பி வீட்டுக்குப் போய்விடலாம் என்று இருந்தது. ஆனால் முன்வரிசையில் ஞானம் ரிப்பன் கட்டிக்கொண்டு, நைனா படத்தைப் பார்க்கக் காத்திருந்தது. எட்டு வயசு. இனிமேல் இந்தத் தெருவில் போகும்போதெல்லாம் அது அந்தப் படத்தைத்தான் பார்க்கப் போகிறது.

பாண்டுரங்கன் மைக்கில் பேசினான். பிலவேந்திரன் தனக்குக் கூடப்பிறந்தவன் மாதிரி என்றான். சின்ன வயசிலிருந்தே அந்தக் கண்ணில் ஒரு சிங்கத்தைப் பார்த்ததாகச் சொன்னான். வெற்றிலைச் சாறு கடைவாயில் ஒதுங்கி நின்றது. அதைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிங்கம் என்றான். ரஞ்சிதம் முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்து யாரோ ஒருத்தி முதுகைத் தடவிக் கொடுத்தாள். அந்தக் கையைத் தட்டிவிட வேண்டும் போல இருந்தது.

படத்தின் துணியை அவளைத்தான் இழுக்கச் சொன்னார்கள். இழுத்தாள்.

பச்சை உடுப்பு. முறுக்கி மேலே ஏற்றிய மீசை. கண்ணோரத்தில் சிவப்பு. நெஞ்சுக்குக் குறுக்கே பெரிய துப்பாக்கி. யாரோ ஒருவன். ஆனால் துப்பாக்கியின் மேல் இருந்த இடது கை மட்டும் அவருடையது. செல்லப்பன் அதைக் கட்டத்துக்குக் கட்டம் பிசகாமல் வரைந்திருந்தான். திண்டிவனத்து ஸ்டுடியோவில், கறுப்புத் துணிக்குள் தலையை விட்ட ஆளைப் பார்த்து மூன்று வயசு ஞானம் வீரிட்டபோது, வயிற்றைச் சுற்றிப் பிடித்துக் கிச்சுக்கிச்சு மூட்டிய கை. சுண்டுவிரல் மடங்கி, கட்டைவிரல் தூக்கி, அப்படியே இருந்தது. இப்போது அது துப்பாக்கிக்குக் கிச்சுக்கிச்சு மூட்டிக்கொண்டிருந்தது.

கைதட்டல் ஓய்ந்ததும் கீழேயிருந்து ஞானம் கேட்டது அவள் காதில் விழுந்தது.

"ம்மா, இது யாரு?"

"தொட்டுக் கும்பிட்டுக்கம்மா" என்றான் பாண்டுரங்கன்.

"தொடாதீங்கக்கா, நேத்து ராத்திரிதான் முடிச்சேன், இன்னும் காயல" என்றான் மேடையோரம் நின்ற செல்லப்பன்.

ரஞ்சிதம் கையை வைத்தாள். உள்ளங்கையை முழுசாக வைத்து, துப்பாக்கியின் மேல் மெதுவாகத் தேய்த்தாள். பெயின்ட் கொழகொழவென்று நகர்ந்தது. பின்னாலிருந்து பார்த்தவர்களுக்கு அவள் புருஷனைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"அய்யோ பாவம், எப்படித் தடவுது பாரு" என்றாள் ஒருத்தி. பெண்கள் பக்கம் விசும்பல் கிளம்பியது. பாண்டுரங்கன் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "தாய்மார்களே, இந்தக் காட்சியப் பாருங்க" என்று குரல் உடைந்து சொன்னான்.

செல்லப்பன் மட்டும் படத்தைப் பார்த்தான். தடுக்க ஒரு படி ஏறினான். அப்புறம் ஏறிய படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

துப்பாக்கியின் கட்டை போனது. குழல் போனது. நெஞ்சிலிருந்து மடிவரைக்கும் கறுப்பும் பழுப்புமாக ஒரு தீற்றல் பரவியது. அவருடைய இடது கை வந்த இடத்தில் ரஞ்சிதம் உள்ளங்கையை எடுத்துவிட்டு ஒற்றை விரல் நுனியால், சுண்டுவிரலைச் சுற்றி, கட்டைவிரலைச் சுற்றி, அவற்றின் மேல் படாமல், அரிசியில் கல் பொறுக்குகிறவளைப் போலக் குனிந்து துடைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் ஊர் அழுதுகொண்டிருந்தது.